முள்ளின்றி மணி சொல்லும் இயந்திரம்: லாங்கே ஸைட்வெர்க்

கைக்கடிகாரம் என்றதும் ஒரு வட்ட முகப்பும் அதன்மேல் சுற்றிவரும் இரண்டு முள்களுமே மனத்தில் எழுகின்றன; முள்ளை நீக்கிவிட்டு எண்களாலேயே நேரத்தைச் சொல்லும் கடிகாரம் என்றால், அது மின்கலத்தாலும் மின்னணுச் சில்லாலும் இயங்குவது என்றே பெரும்பாலோர் கொள்வர். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் கிளாஸ்ஹூட்டே என்னும் சிற்றூரில் இயங்கும் ஏ. லாங்கே & ஸோனே நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஸைட்வெர்க் என்னும் கைக்கடிகாரம் இவ்விரண்டு எண்ணங்களையும் ஒருசேர மாற்றியது. அதில் மின்கலமும் இல்லை, சில்லும் இல்லை. கையால் சாவி கொடுக்கப்படும் ஒரே ஒரு எஃகுச் சுருளின் விசையைக் கொண்டு, 388 உறுப்புகள் ஒன்றுகூடி, மூன்று வட்டுகளை நகர்த்தி, இப்போது 7 மணி 52 நிமிடம் என்பதை எண்களாகவே எழுதிக் காட்டுகின்றன. வெளிவந்த அதே ஆண்டில், ஜெனீவா கடிகாரப் பரிசுகளில் தலையாயதான ‘தங்க முள்’ விருது, மணி முள்ளும் நிமிட முள்ளும் இல்லாத இந்தக் கடிகாரத்துக்கே வழங்கப்பட்டது.

சேகரிப்பாளர்கள் இதற்குக் கொடுக்கும் மதிப்பை அதன் பொன் உறையோ நிறுவனத்தின் பழம்பெருமையோ முழுவதும் விளக்கிவிடாது. பொன்னும் வைரமும் பதித்த கடிகாரங்கள் உலகில் ஏராளம். அவற்றுள் பலவற்றின் உள்ளே ஓடுவது எங்கும் கிடைக்கக்கூடிய சாதாரண இயந்திரமே. பலர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்ட ஓர் இயந்திரவியல் சிக்கலை, மணிக்கட்டின் அகலத்துக்குள் தீர்த்துக் காட்டியதுதான் ஸைட்வெர்க்கின் உண்மையான மதிப்பு. அந்தச் சிக்கல் எது, அது எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதை அறியாமல் இக்கடிகாரத்தைப் பார்ப்பவருக்கு, அது அழகான எண்பலகையாக மட்டுமே தெரியும்.

முதற்கண் அதன் முகப்பைக் காண்போம். முதல் வடிவத்தின் உறை 41.9 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. இடப்பக்கச் சாளரத்தில் மணியும் வலப்பக்கச் சாளரத்தில் நிமிடமும் ஒரே அளவான பெரிய எண்களில் தெரிய, இரண்டு சாளரங்களையும் பறவையின் விரித்த சிறகுகள்போல் ஓர் உலோகப் பாலம் தழுவி நிற்கிறது. அந்தப் பாலம் முகப்பின்மேல் ஒட்டவைத்த அலங்காரம் அன்று. இயந்திரத்தின் ஓர் உறுப்பே உள்ளிருந்து முகப்புக்கு வந்திருக்கிறது. பாலத்தின் கீழே வினாடிக்கென ஒரு சிறு வட்டமும், மேலே விசை இன்னும் எவ்வளவு மீதி உள்ளது என்பதைக் காட்டும் ஒரு சிறு முள்ளும் உண்டு. சாவித் திருகு வழக்கமான 3 மணி இடத்தில் இல்லாமல், சற்று மேலேறி 2 மணி இடத்தருகே அமைந்துள்ளது. ஒரு வரியைப் படிப்பதுபோல் கண் இடமிருந்து வலமாக ஒருமுறை சென்றால் போதும். முள்களின் கோணத்தைக் கண்டு மனக்கணக்குப் போட வேண்டியதில்லை.

இந்த எளிமைக்குப் பின்னால் மூன்று வட்டுகள் உள்ளன. 1 முதல் 12 வரையிலான மணி எண்களைத் தாங்குவது இயந்திரத்தின் விளிம்பை ஒட்டிச் சுற்றும் பெரிய வளையம். நிமிடத்துக்கு இரண்டு வட்டுகள்: பத்தாம் இடத்துக்கு 0 முதல் 5 வரை ஒன்று, ஒன்றாம் இடத்துக்கு 0 முதல் 9 வரை மற்றொன்று. ஒரு மணி நேரத்தில் 54 முறை ஒன்றாம் இட வட்டு மட்டும் நகர்கிறது. 5 முறை நிமிட வட்டுகள் இரண்டும் சேர்ந்து நகர்கின்றன. மணி மாறும் அந்த ஒரே ஒரு முறை மூன்றும் ஒரே கணத்தில் நகர வேண்டும். சிக்கல் முழுவதும் இந்தக் கடைசி நகர்வில் திரண்டு நிற்கிறது.

அதனை உணர, சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்றின் உள்ளமைப்பைச் சற்று நினைவுகொள்ள வேண்டும். அதன் ஆற்றல் முழுவதும் மெயின்ஸ்பிரிங் எனப்படும் தட்டையான எஃகுச் சுருளில் அடங்கியிருக்கிறது. சாவி கொடுக்கும்போது அது ஒரு சிறு பீப்பாய்க்குள் இறுகச் சுற்றிக்கொண்டு, பிறகு மெல்ல அவிழ்ந்து, பல்சக்கரங்களின் வழியே தன் விசையை அனுப்புகிறது. அந்த விசை ஒரேயடியாக ஓடிவிடாமல், எஸ்கேப்மென்ட் எனப்படும் அமைப்பு, கடைசிப் பல்சக்கரத்தைப் பல் பல்லாக நிறுத்தி நிறுத்தி விடுவிக்கிறது. எப்போது நிறுத்துவது, எப்போது விடுவது என்பதை, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரமும் அதன் மயிரிழை போன்ற ஸ்பிரிங்கும் தீர்மானிக்கின்றன. ஸைட்வெர்க்கில் இத்துடிப்பு மணிக்கு 18,000, அதாவது வினாடிக்கு 5. காலத்தை அளப்பது இந்த ஆட்டமே என்பதால், அதற்குக் கிடைக்கும் விசை கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் முந்தும் அல்லது பிந்தும். மெயின்ஸ்பிரிங்கோ அவிழ அவிழத் தளர்ந்துகொண்டே போகும் இயல்புடையது. எல்லா இயந்திரக் கடிகாரங்களுக்கும் பிறப்பிலேயே வாய்த்த குறை இது.

முள் வைத்த கடிகாரம் இக்குறையோடு ஓரளவு ஒத்துப்போய்விடும். முள் மிக இலேசானது; இடைவிடாமல் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஊர்ந்துகொண்டே இருப்பதால், அது கேட்கும் விசையும் சிறிதாகவும் சீராகவும் இருக்கிறது. வட்டு அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழ ஒரு நிமிடம் முழுவதும் அசையாமல் நின்றுவிட்டு ஒரே கணத்தில் நகர வேண்டும். நின்ற எடையை உலுக்கி எழுப்பவும் விசை வேண்டும், எழுந்ததைச் சரியான எண்ணில் பிடித்து நிறுத்தவும் ஏற்பாடு வேண்டும். அந்தக் கணத்தில் வட்டுகள் உறிஞ்சும் விசை, பேலன்ஸ் சக்கரத்துக்குச் சேர வேண்டிய பங்கிலிருந்தே எடுக்கப்பட்டால், எண் மாறும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தின் நாடி தடுமாறும். விசை தளர்ந்த நேரத்தில் மூன்று வட்டுகளும் பாதி வழியில் சிக்கி நின்றுவிடவும் கூடும்.

இவ்வகைக் கடிகாரம் அதற்கு முன்பே முயலப்பட்டிருந்தது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த யோசப் பால்வேபர், மணியையும் நிமிடத்தையும் எண்களாகக் காட்டும் சட்டைப்பைக் கடிகார அமைப்பு ஒன்றை 1880-களில் உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரில் உள்ள ஐ.டபிள்யூ.சி. நிறுவனம் அதனை வாங்கித் தயாரித்தது. சில ஆண்டுகள் ஆவலோடு வாங்கப்பட்ட அக்கடிகாரங்கள் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே வழக்கொழிந்தன. பால்வேபரின் சிந்தனையில் குறையில்லை. வட்டுகளுக்கு வேண்டிய விசையையும் காலத்தை அளக்க வேண்டிய விசையையும் பிரித்து வைக்கும் வழிதான் அக்கடிகாரங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஸைட்வெர்க் கையாண்ட வழிக்குக் கடிகாரத் தொழிலில் ரெமோன்துவார் என்று பெயர். பிரெஞ்சு மொழிச் சொல்லாகிய அதற்கு ‘மீண்டும் சாவி கொடுப்பது’ என்பது பொருள். மெயின்ஸ்பிரிங்குக்கும் எஸ்கேப்மென்ட்டுக்கும் இடையில் இன்னொரு சிறிய ஸ்பிரிங்கை வைத்துவிட வேண்டும். பேலன்ஸ் சக்கரம் தன் விசையை இந்தச் சிறிய ஸ்பிரிங்கிடமிருந்து மட்டுமே பெறும். சிறிய ஸ்பிரிங் தளர்வதற்குள், குறிப்பிட்ட இடைவெளியில், பெரிய ஸ்பிரிங் அதற்குச் சாவி கொடுத்துவிடும். பெருங்குளத்து நீரை நேரே வயலுக்குத் திறந்துவிடாமல் ஒரு தொட்டியில் அளந்து நிரப்பித் தொட்டியிலிருந்து பாய்ச்சுவதைப் போன்றது இது. குளத்தின் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் வயலுக்குப் போகும் நீர் ஒரே சீராக இருக்கும். கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய உதவிய ஜான் ஹாரிசனின் புகழ்பெற்ற எச்4 கடிகாரத்திலும் ஏழரை வினாடிக்கு ஒருமுறை இயங்கும் ரெமோன்துவார் ஒன்று இருந்தது. ஆகவே கருத்து பழையது. லாங்கே பொறியாளர்கள் அதற்குக் கொடுத்த இரண்டாவது வேலைதான் புதியது: அந்த இடைவெளியைச் சரியாக ஒரு நிமிடமாக வைத்து, பெரிய ஸ்பிரிங் விடுபட்டுச் சிறிய ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்கும் அதே அசைவில் எண்வட்டையும் தள்ளிவிடச் செய்தனர். இதனால் வட்டுகளின் சுமை முழுவதும் பெரிய ஸ்பிரிங்கின் தலையில் விழுகிறது. பேலன்ஸ் சக்கரம் அதை உணர்வதே இல்லை.

இன்னொரு கேள்வி எஞ்சியது. மூன்று வட்டுகளையும் சேர்த்து நகர்த்தக்கூடிய வலுவோடு இருக்கும் ஸ்பிரிங், ஒரே ஒரு சிறு வட்டை மட்டும் நகர்த்தும் 54 நிமிடங்களிலும் மிகையான விசையோடு பாயும். அந்த மிகையை எங்கேனும் கொண்டுபோய்க் கழிக்காவிட்டால் பற்கள் தேயும். இதற்கென இயந்திரத்துக்குள் மிகச் சிறிய காற்றாடி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. எண் மாறும் கணத்தில் அது விர்ரென்று சுழன்று, காற்றின் தடையால் மிகை விசையைத் தணித்துவிட்டு, உடனே அடங்குகிறது. ஆலய மணிக்கூண்டுகளில் மணியடிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய விசிறித் தகடு, அணுவளவாகச் சுருங்கி இங்கே வந்து அமர்ந்திருக்கிறது எனலாம்.

7 மணி 59 நிமிடத்தில் இக்கடிகாரத்தை உற்றுநோக்குபவருக்கு இவை அனைத்தும் ஒரே காட்சியாகக் கிடைக்கும். கீழேயுள்ள வினாடி முள் அமைதியாகத் தன் வட்டத்தை முடித்து உச்சிக்கு வருகிறது. அதுவரை பாறைபோல் அசையாதிருந்த மூன்று எண்களும், முன்னறிவிப்பின்றி, இமைப்பொழுதில் 8 00 ஆகிவிடுகின்றன. 9 இருந்த இடத்தில் 0, 5 இருந்த இடத்தில் 0, 7 இருந்த இடத்தில் 8. இடையில் இழுபறி இல்லை, பாதி எண் தெரிவதில்லை, ஒன்று முந்தி ஒன்று பிந்துவதும் இல்லை. பிறகு முகப்பு மீண்டும் ஒரு நிமிடம் மௌனம் காக்கிறது. திரையில் ஒளிரும் எண் மாறுவதைப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பொருள் அசைவதைக் கண் உணர்வதில் இருக்கிறது. எடையுள்ள ஒன்று எழுந்து, நகர்ந்து, அமர்ந்தது என்ற நிறைவை எந்தத் திரையும் தருவதில்லை.

இந்த வடிவம் ஓவியர் ஒருவரின் திடீர்க் கற்பனையன்று. அதன் மூதாதையின் மறுவடிவம் இன்றும் டிரெஸ்டன் நகரில் இயங்கிக்கொண்டிருக்கிறது. கட்டடக் கலைஞர் கோட்ஃபிரீட் ஸெம்பர் வடிவமைத்த அந்நகரின் அரசவை இசையரங்கம் 1841-ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, மேடைக்கு மேலே முள் வைத்த கடிகாரத்துக்குப் பதிலாக, இரண்டு சாளரங்களில் எண்களைக் காட்டும் கடிகாரம் ஒன்று பொருத்தப்பட்டது. அக்காலச் செல்வர்கள், பொத்தானை அழுத்தினால் மணியொலியால் நேரம் சொல்லும் சட்டைப்பைக் கடிகாரங்களை வைத்திருந்தார்கள் என்றும், இருண்ட அரங்கில் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்து இசைக்கு இடையூறு செய்ததால் அரங்கின் எந்த இருக்கையிலிருந்தும் தெரியக்கூடிய கடிகாரத்தை மன்னர் கேட்டார் என்றும் சொல்லப்படுகிறது. அரசவைக் கடிகாரக் கலைஞர் யோஹன் கிறிஸ்டியன் ஃபிரீட்ரிஷ் குட்கேஸ் அதனைச் செய்தார். இடச் சாளரத்தில் ரோமன் எண்களில் மணியும், வலச் சாளரத்தில் ஐந்தைந்தாக மாறும் நிமிடமும் தெரிந்ததால், அதற்கு ‘ஐந்து நிமிடக் கடிகாரம்’ என்ற பெயர் நிலைத்தது. குட்கேஸின் பட்டறையில் தொழில் பயின்ற இளைஞர் ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே பிற்பாடு அவருடைய மருமகனும் ஆனார்; 1845-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் கிளாஸ்ஹூட்டேயில் தம் பட்டறையைத் தொடங்கியவர் அவரே.

அந்த ஊரைத் தேர்ந்ததிலேயே லாங்கேயின் மனம் தெரிகிறது. தாது மலைகள் எனப் பொருள்படும் எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடரின் கிளாஸ்ஹூட்டே, சுரங்கங்கள் வற்றியதால் வறுமையில் ஆழ்ந்திருந்த ஊர். அங்குள்ள இளைஞர்களுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்தால் ஊரே மீளும் என்று சாக்சனி அரசிடம் எடுத்துரைத்துக் கடன் பெற்று, 15 பயிற்சியாளர்களோடு அவர் வேலையைத் தொடங்கினார். பின்னாளில் 18 ஆண்டுகள் அவ்வூரின் மேயராகவும் பணியாற்றினார். இயந்திரத்தின் முக்கால் பங்கை ஒரே தகட்டால் மூடிச் சக்கரங்களை உறுதியாகப் பிடிக்கும் ‘முக்கால் தகடு’ அமைப்பு அவர் தந்தது. அந்த ஊர்க் கடிகாரங்களுக்கு இன்றும் அடையாளம் அதுவே.

அவர் தோற்றுவித்த நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய அழிந்தே போனது. இரண்டாம் உலகப்போரின் கடைசி நாளான 1945 மே 8 அன்று விழுந்த குண்டுகளால் அதன் முக்கியக் கட்டடம் சிதைந்தது. 1948-இல் சோவியத் ஆட்சிப் பகுதியில் நிறுவனம் பறிமுதல் செய்யப்பட்டது. 1951-இல் ஊரின் பட்டறைகள் யாவும் ஒரே அரசு ஆலையாக்கப்பட, லாங்கே என்னும் பெயர் முகப்புகளிலிருந்து மறைந்தது. யுரேனியச் சுரங்க வேலைக்கு அனுப்பப்படவிருந்த கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிச் சென்றார். பெர்லின் சுவர் வீழ்ந்த மறு ஆண்டு, 1990 டிசம்பர் 7 அன்று, கொள்ளுத்தாத்தா பட்டறை தொடங்கிய அதே தேதியில், 66 வயதில் அவர் நிறுவனத்தை மீண்டும் பதிவு செய்தார். அப்போது விற்பதற்கு ஒரு கடிகாரம்கூட அவரிடம் இல்லை. தொழில்நிர்வாகி குந்தர் புளூம்லைனின் துணையோடு 1994 அக்டோபரில் நான்கு கடிகாரங்கள் வெளிவந்தன. அவற்றுள் ‘லாங்கே 1’ என்பதன் பெரிய தேதிச் சாளரங்கள், டிரெஸ்டன் அரங்கின் ஐந்து நிமிடக் கடிகாரத்தை நினைவூட்டும் வகையில் அமைந்தவை. தேதிக்குப் பயன்பட்ட அந்தச் சாளரங்களை நேரத்துக்கே திருப்பித் தந்தது ஸைட்வெர்க்.

கடிகாரத்தைத் திருப்பிப் பின்புறக் கண்ணாடி வழியே பார்த்தால், முகப்பில் காணாத செழுமை அங்கே காத்திருக்கிறது. தகடுகளும் பாலங்களும் ஜெர்மன் வெள்ளி என்னும் உலோகத்தால் ஆனவை. பெயரில்தான் வெள்ளி உண்டு, உண்மையில் அது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை. பூச்சு ஏதும் இடப்படாமல் விடப்படும் அது, காலப்போக்கில் மெல்லிய தேன்நிறம் கொள்கிறது. ஆனால் வெறும் விரல் பட்டாலே தடம் பதிந்துவிடும் அளவுக்கு மென்மையானது என்பதால், அதனோடு வேலை செய்பவர் ஒவ்வொரு கணமும் விழிப்போடு இருக்க வேண்டும். பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் சிறு பாலத்தில் பூவும் கொடியும் கையாலேயே செதுக்கப்படுகின்றன. ஒவ்வொரு செதுக்குநரின் வளைவும் தனித்தனி என்பதால், எந்த இரண்டு கடிகாரங்களும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வோர் இயந்திரமும் இரண்டு முறை கோக்கப்படுகிறது: முதன்முறை கோத்து, ஓடவிட்டு, திருத்திவிட்டு, பிறகு முழுவதும் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் கழுவி, மெருகேற்றி, மறுபடியும் முதலிலிருந்து கோக்கிறார்கள். உறைக்குள் மறைந்து யாருடைய கண்ணுக்கும் படாத விளிம்புகளும் இதே கவனத்தோடு இழைக்கப்படுகின்றன. இந்த நேர்மைக்குத்தான் சேகரிப்பாளர் உண்மையில் தலைவணங்குகிறார்.

கடிகாரத் தொழிலில், மணி, நிமிடம், வினாடி என்பவற்றுக்கு மேற்பட்ட எந்த வசதியையும் காம்ப்ளிகேஷன் என்பர். அவ்வகையில் இவ்வரிசையின் சிகரம், 2015-ஆம் ஆண்டு பிளாட்டின உறையில் வந்த ஸைட்வெர்க் மினிட் ரிப்பீட்டர். பொத்தானை அழுத்தினால் ஒலியால் நேரம் சொல்லும் கடிகாரம் அது. வழக்கமான ரிப்பீட்டர்கள் மணிகளையும், கால் மணிகளையும், மிஞ்சிய நிமிடங்களையும் அடிக்கும். 7 மணி 52 நிமிடத்தை அறிய, ஏழு அடி, மூன்று இரட்டை அடி, பிறகு ஏழு அடி என்று கேட்டுக் கூட்டிப் பார்க்க வேண்டும். இதுவோ கால் மணிக்குப் பதிலாகப் பத்து நிமிடங்களை அடிக்கிறது: தாழ்ந்த ஒலியில் ஏழு, இரட்டை ஒலியில் ஐந்து, உயர்ந்த ஒலியில் இரண்டு. கண் காணும் எண்களை அப்படியே காது கேட்கிறது. மணியோசை முடிவதற்குள் நிமிடம் மாறவேண்டி வந்தால், ஓசை அடங்கும்வரை வட்டுகள் காத்திருந்து பிறகே நகர்கின்றன. இரண்டு சிறு சுத்தியல்களும் ஒலிக்கம்பிகளும் முகப்பிலேயே தெரிவதால், கேட்பவர் அடிப்பதையும் பார்க்கலாம். விலை 4 லட்சம் யூரோவைத் தாண்டியது.

எண்ணிக்கையைக் குறைத்து வெளியிடப்பட்ட வடிவங்களுள், 2010-இல் வந்த ‘லூமினஸ்’ தனிக் கவனத்துக்கு உரியது. 100 மட்டுமே செய்யப்பட்ட அதன் முகப்பு, அரைகுறையாக ஒளி ஊடுருவும் கண்ணாடி. புற ஊதாக் கதிர் அதன் வழியே சென்று உள்ளிருக்கும் எண்களுக்கு ஒளி ஏற்றிவைக்க, இருளில் எண்கள் பச்சை நிறத்தில் மிதக்கின்றன. பகலில் வட்டுகளும் மங்கலாகத் தெரிவதால், எந்த எண் அடுத்து வரக் காத்திருக்கிறது என்பதையும் காணமுடிகிறது.

குறையே இல்லை என்று இக்கடிகாரத்தைச் சொல்ல இயலாது. வட்டுகள் கேட்கும் விசை அத்தனை அதிகம் என்பதால், முதல் வடிவம் ஒருமுறை சாவி கொடுத்தால் 36 மணி நேரமே, அதாவது 90 நாழிகையே ஓடியது. வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தால் ஞாயிறு காலையில் நின்றிருக்கும். 2022-இல் வந்த இரண்டாம் தலைமுறை இயந்திரம் இதனை 72 மணியாக்கியது. மணி எண்ணைத் தனியே மாற்றிக்கொள்ள 4 மணி இடத்தில் ஒரு பொத்தானும் சேர்ந்தது. பயன் என்ற கோணத்தில் இரண்டாவதே மேலானது. ஆயினும் முதல் வடிவத்தின் ஜெர்மன் வெள்ளிப் பாலத்துக்கும், சிக்கலை முதன்முதலில் வென்ற அந்த இயந்திரத்துக்கும் உள்ள இடத்தை இரண்டாவது எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தால், 2009-இன் கடிகாரமே தகுதியானது.

இதனை விலைகொடுத்து வாங்கக்கூடியவர் உலகில் மிகச் சிலரே. காண்பதற்கு அத்தனை பொருள் தேவையில்லை. 1869-இல் தீயிலும் 1945-இல் குண்டுவீச்சிலும் அழிந்து, 1985 பிப்ரவரியில் மறுபடியும் திறக்கப்பட்ட டிரெஸ்டன் ஸெம்பர் இசையரங்கில், மேடைக்கு நேர் மேலே ஐந்து நிமிடக் கடிகாரம் இன்றும் இருக்கிறது. கிளாஸ்ஹூட்டேயில் 2008 முதல் ஜெர்மன் கடிகார அருங்காட்சியகமும் இயங்குகிறது. கல்விக்கோ பணிக்கோ ஜெர்மனி செல்லும் தமிழர்கள் டிரெஸ்டனுக்குப் போக நேர்ந்தால், ஒரு மாலை அந்த அரங்கில் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்து, திரை விலகுவதற்கு முன் தலையை உயர்த்தி, வலப்பக்கச் சாளரத்தில் எண் மாறும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும்.